மிஷினுக்கு ஊற்றிய தண்ணீர்

அரியலூரில் சொந்தமாகக் கம்ப்யூட்டர் வாங்கிய முதல் ஆள் தான்தான் என்று அரங்கநாதன் கடைத்தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். ஆலை ஆபீஸ்களில் அதற்கு முன்பே வந்துவிட்டதே என்று யாராவது கேட்டால், "அது கம்பெனிச் சொத்துங்க. நான் சொல்றது தனிமனுசன்" என்பான். தனிமனிதன் என்பது சரிதான். அவன் தொட்ட எந்தத் தொழிலிலும் அவனோடு கூட நின்றவர்கள் கடைசிவரை நின்றதில்லை. முதலில் ஆயில் இன்ஜின் ஏஜென்சி எடுத்தான். பிறகு முயல் பண்ணை வைத்தான். முயல்களைத் தெருநாய்கள் தின்று தீர்த்த பிறகு, நாய்களைத் திட்டிக்கொண்டே வீடியோ கேசட் வாடகைக்கு விட்டான். எல்லாவற்றிலும் தோற்றான். வாய் மட்டும் ஒருநாளும் தோற்கவில்லை.

நான் அப்போது கரண்ட் ஆபீஸில் கிளார்க். அவன் வீட்டுப் பின்கட்டில் குடியிருந்தேன். முன்கட்டில் அவனும், அவன் அம்மா கிருஷ்ணம்மாளும், மனைவி மலர்க்கொடியும் இருந்தார்கள். புழக்கடை எல்லோருக்கும் பொது. அங்கே ஒரு கிணறு, ஒரு துவைகல், மாடு இல்லாமல் போன ஒரு மாட்டுக்கொட்டகை. வாடகை குறைவு என்று அந்த வீட்டுப் பேச்சையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு கிடந்தேன். இப்போது யோசித்தால் வாடகை ரொம்ப அதிகம் என்றுதான் தோன்றுகிறது.

மலர்க்கொடிக்குப் பிறந்த ஊர் உடையார்பாளையத்துக்குப் பக்கம். அவள் அப்பா சாவதற்கு முன்பு ஒரு முந்திரிக் கொல்லையை அவள் பேருக்கு எழுதி வைத்திருந்தார். பங்குனி பிறந்துவிட்டால் அவள் முகம் மாறிவிடும். அங்கே போய்விடுவாள். செம்மண்ணில் உதிர்ந்து கிடக்கிற பழத்தைக் கூடையில் பொறுக்கி, பழத்திலிருந்து கொட்டையைத் திருகி எடுத்து, களத்தில் பரப்பிக் காயவைக்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் பொறுக்காவிட்டால் அணிலும் அடுத்தவனும் பொறுக்கிவிடுவார்கள். கொட்டையைச் சுட்டு உடைக்கும்போது தெறிக்கிற எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். சாம்பலைப் பூசிக்கொண்டு உடைப்பாள். அப்படியும் அவள் விரல் நுனியெல்லாம் கறுத்து உரிந்து கிடக்கும். திரும்பி வரும்போது சுட்ட பருப்பில் ஒரு பொட்டலம் எனக்கும் கொண்டுவந்து தருவாள். அந்த வீட்டில் உழைத்துச் சம்பாதித்த பொருள் என்று நான் கண்ணால் பார்த்தது அந்தப் பருப்பு ஒன்றுதான்.

கம்ப்யூட்டர் வாங்குவதற்காக அந்தக் கொல்லையில் பாதியை விற்றான் அரங்கநாதன். விலை பேசி, முன்பணம் வாங்கி, பதிவுக்கு நாளும் குறித்துவிட்டுத்தான் மனைவியிடம் சொன்னான். அவள் கையெழுத்துப் போடத் தயங்கியபோது, "நீ என்ன, காலத்துக்கும் கொட்டை பொறுக்கிக்கிட்டே இருக்கப்போறியா? நாளைக்கு நீ ஒரு கம்ப்யூட்டர் சென்டர் ஓனரு பொண்டாட்டி" என்றான். அவள் போட்டாள்.

எண்பத்தெட்டாம் வருஷம் தை மாதம் முன்னறையைக் காலி செய்து, தரையில் கம்பளம் விரித்து, சுவரில் ஏ.சி. பெட்டியைப் பதித்தான். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அவன் அம்மா கோயிலுக்குப் போனால்கூட அவ்வளவு பயபக்தியாகப் போனவள் இல்லை. அந்த அறை வாசலில் நின்று, சேலைத் தலைப்பால் கால் தூசியைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே கால் வைப்பாள்.

அரங்கநாதனுக்கு மேடைப் பழக்கம் உண்டு. யார் வீட்டுக் கல்யாணமானாலும் மைக்கைப் பிடித்துக்கொண்டு, மூடநம்பிக்கையை ஒழிக்காவிட்டால் நாடு உருப்படாது என்பான். திறப்பு விழாவுக்கு முதல் நாள் அம்மாவுக்கும் பிள்ளைக்கும் வாக்குவாதம் வந்தது.

"டே அரங்கா, ஒரு எலுமிச்சம்பழமாவது காவு குடுக்கக் கூடாதா? ஒரு பூசணிக்காய்? கண்ணேறு படும்டா."

"யம்மா, இது என்னா மாட்டு வண்டியா? சயின்சு. உள்ளார ஒரு சூடம் ஏத்துன, ஒன்ன வெளிய தள்ளிக் கதவச் சாத்திப்புடுவேன்."

"ஒரு பொட்டுச் சந்தனம் வெச்சா ஒம்மிஷினு கொறஞ்சா போயிரும்?"

"கொறஞ்சுரும். எம் மரியாத கொறஞ்சுரும். ஊர்ப் பெரிய மனுசன்லாம் வர்றாங்க."

மறுநாள் விடிவதற்கு முன்பு கிணற்றடியில் சந்தனக்கல் உரசுகிற சத்தம் கேட்டது. பிள்ளைக்குத் தெரியாமல் கிருஷ்ணம்மாள் தன் ஆசையைத் தீர்த்துக்கொள்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் புரண்டு படுத்தேன். காலையில் குளிக்கப் போனபோது மலர்க்கொடி மாட்டுக்கொட்டகையில் தனிப்பாயில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவளுக்கென்று ஒரு அலுமினியத் தட்டும் செம்பும். கிருஷ்ணம்மாள் தள்ளி நின்று, இட்லியை அந்தத் தட்டில் மேலேயிருந்து போட்டுவிட்டுப் போனாள். மாதாமாதம் நடக்கிறதுதான். அவள் கொல்லையை விற்று வாங்கிய மிஷினின் திறப்பு விழாவை அவள் அந்தக் கொட்டகையில் உட்கார்ந்து, மைக்கில் கேட்டாள். எங்கே மருமகள் என்று கேட்டவர்களிடம், "காய்ச்ச" என்றாள் கிருஷ்ணம்மாள்.

திருச்சியிலிருந்து ராசாங்கம் வந்திருந்தான். மிஷினை விற்ற கடையின் சர்வீஸ் ஆள். கழுத்தில் டை, காலில் ரப்பர் செருப்பு. கம்பளத்தில் ஏறுவதற்கு முன் செருப்பைக் கழற்றியதும் டை மட்டும் மிஞ்சியது. வந்திருந்தவர்களுக்கு அவன்தான் விளக்கிச் சொன்னான்.

"இப்ப இது வெறும் ஒடம்புங்க. ஆப்பரேட்டிங் சிஸ்டம்னு ஒண்ணு இருக்கு. அதான் உசுரு. அந்த உசுரு இந்த பிளாப்பிக்குள்ளாற இருக்கு. இதுலேருந்து அத மிஷினுக்குள்ள எறக்கிட்டோம்னா, அப்புறம் அது பாட்டுக்கு வேல செய்யும்."

பிளாப்பி என்பது சதுரமாக வெட்டிய கறுப்பு அப்பளம் போல இருந்தது. அதில் ஒரு பக்கம் நீளவாக்கில் சின்னத் திறப்பு. அதன் வழியாக உள்ளே பழுப்பு நிறத் தகடு தெரிந்தது. முதல் பிளாப்பியை அரங்கநாதன் சட்டைப்பைக்குள் பத்திரமாக வைத்திருந்தான். அதை எடுத்து, வேட்டி நுனியால் ஒரு துடை துடைத்து, ராசாங்கத்தின் கையில் கொடுத்தான். பிறகு பேச ஆரம்பித்தான்.

"இங்க எலுமிச்சம்பழம் கெடையாது. பூசணிக்கா கெடையாது. நல்ல நேரம் கெட்ட நேரம் கெடையாது. மனுசனோட மூளை ஒண்ணுதான் இங்க சாமி!"

எல்லோரும் கை தட்டினார்கள். ராசாங்கம் பிளாப்பியைப் பெட்டியின் வாய்க்குள் சொருகினான். திரையில் பச்சை எழுத்து ஓடியது. பெட்டி 'கர்ர் கர்ர்' என்று காறியது. எழுத்து நின்றது. கடைசி வரியில் மூன்று வார்த்தை: அபார்ட், ரீட்ரை, ஃபெயில். ராசாங்கம் ஏதோ ஒரு பித்தானைத் தட்டினான். மறுபடியும் காறல், மறுபடியும் அதே மூன்று வார்த்தை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர் உரக்க மொழிபெயர்த்தார். "விட்டுவிடவா, திரும்பப் பார்க்கவா, தோற்கவா என்று கேட்கிறது."

ராசாங்கம் வேர்வையைத் துடைத்தான். அவனுக்குத் தெரியவில்லை என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தெரியாதவன் முதலில் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றுதான் பார்ப்பான். அவன் என்னைப் பார்த்தான்.

"வோல்டேஜுங்க. கரண்ட் சரியில்ல."

அறையில் இருந்த அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள், நான் வீட்டிலிருந்து கரண்டைச் செம்பில் மொண்டு ஊற்றுகிறவன் மாதிரி. அரங்கநாதன் வந்தவர்களிடம், "பாத்தீங்களா, நம்ம நாடு முன்னேறாததுக்கு யாரு காரணம்னு?" என்றான். கேசரியைச் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கேசரியில் போட்டிருந்த முந்திரி மலர்க்கொடியுடையது.

அன்றைக்குத் தொடங்கிய சனியன் பங்குனி வரைக்கும் நீண்டது. ஸ்டெபிலைசர் வாங்கி வைத்தார்கள். மிஷின் காறியது. ராசாங்கம் திரும்பவும் வந்து, தலையைச் சாய்த்து அந்தக் காறலைக் கேட்டுவிட்டு, சுண்ணாம்புக்கல் லாரி போகிற ரோடு என்பதால் தூசிதான் காரணம் என்றான். ஜன்னலையெல்லாம் ஆணி வைத்து அடைத்துச் சாக்கு கட்டினார்கள். சாக்கை நனைக்கிற வேலை மலர்க்கொடிக்கு வந்தது. மிஷின் காறியது. அடுத்த முறை புதுப் பிளாப்பி கொண்டுவந்தான். புதுசும் கொஞ்ச தூரம் ஓடிவிட்டு அதே இடத்தில் நின்றது. எடுத்துப் பார்த்தால் அதன் தகட்டில் வட்டமாகக் கீறல். "பழைய பிளாப்பி கெட்டுச்சு, சரி. புதுசும் கெட்டா அப்ப மிஷினு பிளாப்பியக் கெடுக்குது" என்றான். அது வரைக்கும் சரியாகத்தான் யோசித்தான். அடுத்தபடி அந்த வாயைத் திறந்து உள்ளே என்ன என்று பார்க்க வேண்டியதுதானே? பார்க்கமாட்டான். திறந்தால் கம்பெனி முத்திரை கிழியும், கேள்வி வரும். அதற்குப் பதிலாக எர்த்து சரியில்லை என்றான்.

"எர்த்துக்குழி காஞ்சு கெடக்குங்க. அதான் மிஷினுக்குள்ள கரண்ட் நிக்குது. டெய்லி ரெண்டு வேள, வேளைக்கி நாலு கொடம் தண்ணி ஊத்துங்க. உப்பு, கரி போட்டு ஊத்துங்க. ஊத்திக்கிட்டே இருந்தீங்கன்னா சரியாயிரும்."

நான் ஆபீஸில் லைன்மேனிடம் கேட்டேன். வாரத்துக்கு ஒரு குடம் போதும் சார், எவன் சொன்னான் தினம் எட்டுக் குடம் என்று சிரித்தான். அதை அரங்கநாதனிடம் போய்ச் சொன்னேன். "நீங்க கிளார்க்குதான சார்? இது டெக்னிக்கலு" என்றான். அதன்பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. வலிய வந்த புத்தியை எட்டி உதைக்கிறவனுக்கு இரண்டாம் முறை சொல்ல நான் என்ன அவனிடம் சம்பளம் வாங்குகிறேனா?

ஆனால் குடம் தூக்கியது அவன் இல்லை. மாசி முடியுமுன்பே கிணறு வற்றி அடிப்பாறை தெரிந்தது. தெருமுனை அடிபம்பில் நாலு தெருப் பெண்கள் வரிசையில் நிற்பார்கள். முக்கி முக்கி அடித்தால்தான் நூல் மாதிரித் தண்ணீர் வரும். மலர்க்கொடி காலையில் இரண்டு நடை, சாயங்காலம் இரண்டு நடை போய் வரிசையில் நின்று, இடுப்பில் ஒன்று தலையில் ஒன்றாகக் கொண்டுவந்து, கம்பி நட்டிருந்த அந்தக் குழியில் ஊற்றுவாள். குடிக்கிற தண்ணீரை மண்ணில் கொட்டுகிறாளே என்று பம்படியில் பெண்கள் வைதார்கள். வீட்டுக்குள் அவளுக்குக் குளிக்கத் தண்ணீர் இல்லை.

ஒருநாள் சாயங்காலம் ஊற்றிவிட்டு, குடத்தைக் கவிழ்த்து அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். கரைத்து வைத்திருந்த கேப்பைக்கூழை அங்கேயே குடித்தாள். கடித்துக்கொள்ள கொத்தவரை வத்தல்.

"சார், அந்த மிஷினு என்னமோ மூணு வார்த்த கேக்குதாமே. என்னாதான் கேக்குது?"

"விட்டுடவா, திரும்பப் பாக்கவா, தோக்கவான்னு கேக்குதும்மா. நாம ஒண்ணச் சொன்னாத்தான் மேல போகும்."

அவள் வத்தலைக் கடித்தபடி கொஞ்ச நேரம் குழியைப் பார்த்தாள்.

"மிஷினு கூட ஆளக் கேட்டுக்கிட்டுத்தான் செய்யுது பாருங்க" என்றாள்.

பங்குனி வந்தது. மலர்க்கொடி கொல்லைக்குப் போக வேண்டிய காலம். போகக்கூடாது என்றுவிட்டான். குழி காய்ந்துவிடுமாம். மிச்சப் பாதியில் பழம் விழுந்து அழுகிக் கிடப்பதாக ஊரிலிருந்து ஆட்கள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் புழக்கடைக்கும் வாசலுக்குமாக நடந்தாள். அந்த வாரம்தான் உத்திராபதி வர ஆரம்பித்தார். கல் குவாரி காண்டிராக்டர், விரலுக்கு ஒரு மோதிரம். மிச்சக் கொல்லையை அவர் வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. அரங்கநாதன் போட்ட கணக்கு இது: மிஷின் செத்துவிட்டது என்று ராசாங்கம் கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டால், கடைக்காரன் பழையதை எடுத்துக்கொண்டு பெரிய மிஷினாகத் தருவான். மேலே போட வேண்டிய பணத்துக்குத்தான் மிச்சக் கொல்லை. உடையார்பாளையம் பதிவு ஆபீஸில் நாளும் குறித்துவிட்டார்கள். இந்த முறையும் கடைசியில்தான் அவளிடம் சொன்னான்.

"அது ஒண்ணுதாங்க மிச்சம்" என்றாள் அவள். "எங்கப்பன் நட்ட மரம். அதுவும் போச்சுன்னா நான் எங்கங்க போவேன்?"

"எங்க போவணும் ஒனக்கு? இங்கதான இருக்கப்போற?"

"இங்க இருக்கறதுக்காகத்தாங்க கேக்குறேன்."

அவனுக்கு அது புரியவில்லை. புரிந்துகொள்கிற பழக்கமும் இல்லை. கிருஷ்ணம்மாள் நடையில் உட்கார்ந்து வெற்றிலை மென்றபடி, "புருசன் முன்னேறணும்னு நெனப்பு இருந்தா வாயத் தொறப்பாளா ஒருத்தி" என்றாள்.

பதிவுக்கு முதல் நாள் பிற்பகல் ராசாங்கம் வந்தான். அன்று நான் அரை நாள் லீவு. கரண்டில் குற்றம் இல்லை என்று ஒரு சாட்சி வேண்டுமாம், என்னையும் கூப்பிட்டார்கள். மூன்று மாதமாக என்மேல் சுமத்திய குற்றத்தை அவர்களே இறக்கி வைக்கக் கூப்பிடுகிறார்களே என்று போனேன். உத்திராபதி நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். கம்பளத்தின் மேல் செருப்போடு. பணம் கொடுக்கப்போகிறவர் செருப்புக்கு அந்த வீட்டில் தடை இல்லை.

மிஷின் செத்தது என்று எழுத வேண்டுமானால் திறந்து பார்த்ததாக எழுத வேண்டும். அதனால் ராசாங்கம் முதன்முறையாகத் திருப்புளியை எடுத்தான். மூடியைக் கழற்றி, பிளாப்பி போகிற வாயைத் திறந்து, உள்ளே இருந்த சின்னஞ்சிறு முள்ளின் தலையை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தான். பஞ்சு மஞ்சளாக வந்தது. இன்னொரு பஞ்சை எடுத்துத் துடைத்தான். அதிலும் மஞ்சள். பொருக்காக உதிர்ந்தது.

ராசாங்கம் பஞ்சை மூக்குக்குக் கொண்டுபோய் மோந்து பார்த்தான்.

"சந்தனம்ங்க" என்றான்.

பழைய முதல் பிளாப்பியை எடுத்து, அதன் திறப்பு ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தான்.

"பிளாப்பியோட வாயில யாரோ சந்தனம் வெச்சிருக்காங்க. அது இங்க ஒட்டிக்கிட்டு, போடற பிளாப்பி எல்லாத்தையும் பொராண்டிருக்கு. மிஷினுக்கு ஒண்ணுமில்லீங்க. கரண்டுக்கும் ஒண்ணுமில்ல, எர்த்துக்கும் ஒண்ணுமில்ல."

மூன்று மாதமாக அவன் சொன்னதையெல்லாம் அவனே ஒரு மூச்சில் துடைத்துப் போட்டான். கொஞ்சம்கூட வெட்கப்படவில்லை. நான் கிருஷ்ணம்மாளைப் பார்த்தேன். அவள் தன் பிள்ளையைப் பார்த்தாள். பிள்ளை தன் வலதுகை மோதிர விரலைப் பார்த்தான். ஒரு நொடிதான். பிறகு தலையை நிமிர்த்திக்கொண்டு மேடைக் குரலை எடுத்தான்.

"பாத்தீங்களாங்க! பாத்தீங்களா! நான் தலபாடா அடிச்சுக்கிட்டேன், சந்தனம் வேணாம் குங்குமம் வேணாம்னு. இந்தப் பட்டிக்காட்டுக் கழுதைய வெச்சுக்கிட்டு நான் எப்புடிங்க முன்னேறுறது? எல்லாம் எம் பொண்டாட்டி வேல. எனக்குத் தெரியாமப் பண்ணிப்புட்டா!"

அந்த நேரம் பார்த்து மலர்க்கொடி குடத்தோடு வாசலில் வந்து நின்றாள். சாயங்காலத் தண்ணீர். இத்தனை நாள் மண்ணில் ஊற்றியதெல்லாம் எதற்கு என்று அவளுக்கு இனிமேல்தான் தெரிய வேண்டும்.

"வாடி, வா. வந்து பாரு ஒன் பக்தியோட லட்சணத்த! சந்தனம் வெச்சியாமே? மூணு மாசம், மூணு மாசம் நான் ஊருக்குள்ள தலகாட்ட முடியாமப் பண்ணிட்டியேடி!"

கிருஷ்ணம்மாளும் சேர்ந்துகொண்டாள். "வூட்டுக்கு வந்த நாளா இதான். ஒரு காரியம் வெளங்குதா இவ கைப்பட்டு?"

ராசாங்கம் இதற்குள் ஒரு புதுப் பிளாப்பியைச் சொருகினான். பெட்டி காறவில்லை. வண்டு போல மெல்லச் சத்தம் போட்டுக்கொண்டு ஓடியது. ஒன்று மாற்றி ஒன்று சொருகினான். கடைசியில் திரை கறுத்து, ஓரத்தில் ஒற்றைப் பச்சை எழுத்து வந்து நின்று, பக்கத்தில் ஒரு கோடு கண் சிமிட்டியது. "எறங்கிடுச்சுங்க" என்றான் ராசாங்கம். மூன்று மாதக் கூத்தும் அந்தக் கண் சிமிட்டலுக்குத்தான்.

அரங்கநாதன் எல்லோருக்கும் கை கொடுத்தான். எனக்கும் கொடுத்தான். உத்திராபதி காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப மிஷினு ஓடுதுன்னா, கொல்ல விக்கிறது?" என்று இழுத்தார்.

"அது எதுக்குங்க நிக்கணும்? ஒரு மிஷின வெச்சுக்கிட்டுச் சென்டரா நடத்த முடியும்? இன்னொண்ணு வேணும். நாளைன்னு சொன்னா நாளைதான்." மனைவி பக்கம் திரும்பினான். "பண்ணுன தப்புக்குக் கையெழுத்தாச்சும் ஒழுங்காப் போடு. விடியகால மொத பஸ்ஸு."

மலர்க்கொடி குடத்தைக் கீழே இறக்கவில்லை. இடுப்பிலேயே வைத்துக்கொண்டு, பஞ்சைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். பிறகு மாமியார் பக்கம் திரும்பினாள். சத்தம் போடவில்லை.

"ஏத்தே, தெறப்பு விழா அன்னைக்கி நான் எங்க இருந்தேன்?"

"எங்க இருந்த? வூட்லதான் இருந்த."

"வூட்லயா இருந்தேன்? வூட்டுக்குத் தூரம்னு மாட்டுக்கொட்டாயில நீங்கதான ஒக்கார வெச்சீங்க? ரெண்டாம் நாளு. இட்லியத் தூக்கித் தட்டுல போட்டீங்க. இந்தக் கதவத் தொட்டேனா நான்? சந்தனக்கல்லத் தொட்டேனா?"

"ச்சீ! ஆம்பளைங்க முன்னாடி என்னாடி பேச்சு இது?"

"ஆம்பளைங்க முன்னாடிதான அத்தே எம்மேல பழி போட்டாரு? அவங்க முன்னாடிதான சொல்லணும்?"

உத்திராபதி கூரையைப் பார்த்தார். ராசாங்கம் டையைச் சரிசெய்தான். அந்த அறையில் இருந்த ஆண்கள் எவனுக்கும் மற்றவன் முகத்தைப் பார்க்கத் துணிச்சல் இல்லை. எனக்கும் இல்லை. ஆனால் திறப்பு விழா அன்று விடியும் முன் நான் கேட்ட சத்தம் யாருடையது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மலர்க்கொடி புருஷனைப் பார்த்தாள்.

"கருக்கல்ல சந்தனக்கல்லத் தூக்கிக்கிட்டுக் கெணத்தடிக்கு வந்தது யாருங்க? அம்மாவுக்குச் சத்தம் கேக்கக் கூடாதுன்னு அங்க வந்தீங்க. கொட்டாயில நான் ஒருத்தி கெடக்கேன்னு அப்புறந்தான் பாத்தீங்க. தலவலி, பத்து போடணும்னீங்க. நெத்தியில ஒரு பொட்டு இல்ல. கையில அந்தக் கறுப்பு அப்பளம் இருந்துச்சி. அதுக்குப் பொட்டு வெச்சு, கண்ணுல ஒத்திக்கிட்டுப் போனீங்க."

"ஏய்..." என்றான் அரங்கநாதன். அதற்குமேல் வரவில்லை. அந்த வாய்க்கு அடைப்பு வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"சந்தனம் வெச்சது தப்பில்லீங்க. பயமாருந்திருக்கும், வெச்சீங்க. வெச்சேன்னு மொத நாளே ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா அன்னைக்கே பஞ்சால தொடச்சிருப்பாங்க. நான் இத்தன கொடம் தண்ணி தூக்கியிருக்க மாட்டேன். எங் கொல்லையில பழம் அழுவியிருக்காது."

கிருஷ்ணம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எலுமிச்சம்பழம் வேண்டாம் என்று தன்னை அதட்டி அடக்கிய பிள்ளை, தனக்கே தெரியாமல் சந்தனம் வைத்தான் என்பதுதான் அவளுக்குப் பெரிதாகப் பட்டிருக்க வேண்டும். "ஏன்டா, எங்கிட்டச் சொல்லியிருந்தா நானே எடம் பாத்து வெச்சிருப்பேனேடா" என்றாள். அந்த நேரத்தில் அவளால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான்.

உத்திராபதி எழுந்தார். "வூட்டு விசயத்தப் பேசி முடிச்சுட்டுச் சொல்லுங்க. பதிவ அடுத்த வாரம்கூட வெச்சுக்கலாம்."

"அடுத்த வாரமும் இல்லீங்க" என்றாள் மலர்க்கொடி. "கொல்ல எம் பேர்ல இருக்கு. நான் வர மாட்டேன். அலையாதீங்க."

அவர் செருப்புத் தடத்தைக் கம்பளத்தில் விட்டுவிட்டுப் போனார். ராசாங்கம் அவருக்கு முன்னாலேயே போய்விட்டான். மலர்க்கொடி குடத்தைக் கொண்டுவந்து அரங்கநாதன் காலடியில் இறக்கி வைத்தாள். கொஞ்சம் தளும்பிக் கம்பளம் நனைந்தது.

"மிஷினு ஓடுதுல்ல? இனிமே அதுக்கு நீங்களே ஊத்திக்குங்க."

மறுநாள் விடியற்காலை முதல் பஸ்ஸில் அவள் போனாள். அவன் சொன்ன பஸ்தான். ஆனால் பதிவு ஆபீஸுக்கு இல்லை. கக்கத்தில் சாக்கு இரண்டு, கையில் கூடை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான் சைக்கிளில் கூடையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "எப்பம்மா வருவே?" என்று கேட்டேன். "கொட்ட முடிஞ்சதும்தான் சார். முடிஞ்சப்புறம் நெனச்சுப் பாக்கணும்" என்றாள்.

திரும்பி வந்தபோது அரங்கநாதன் எர்த்துக் குழியருகே நின்றுகொண்டிருந்தான். வெறும் குடம் பக்கத்தில் இருந்தது. முந்தின நாள் ராசாங்கம் எர்த்துக்கு ஒன்றுமில்லை என்று சொன்னதை அவனும்தான் கேட்டான். ஆனால் மிஷின் ஓட ஆரம்பித்த பிறகு எதை மாற்றவும் அவனுக்குப் பயம். மூடநம்பிக்கையை ஒழிக்க வந்தவன்.

"சார், நீங்க கரண்ட் ஆபீஸ்ல இருக்கீங்க. ஒருநா ரெண்டுநா ஊத்தாட்டி ஒண்ணும் ஆயிராதுல்ல?"

வாரத்துக்கு ஒரு குடம் போதும் என்று லைன்மேன் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது. அதை நான் அவனிடம் சொன்னதும், அவன் சொன்ன பதிலும் நினைவிருந்தன.

"ஆயிருங்க" என்றேன். "கோடை பாருங்க. ரெண்டு வேளையும் விடாம ஊத்துங்க. மூணு வேளைன்னாலும் நல்லதுதான்."

அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்கத் தெரியாமல் கையில் தொங்கவிட்டபடி தெருமுனைக்கு நடந்தான். அடிபம்பில் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். கம்ப்யூட்டர் சென்டர் ஓனர் வருகிறார் என்று ஒருத்தியும் வழி விடவில்லை. போய்க் கடைசியில் நின்றான்.